மாதா கோயில் ஆர்கன்

என் தாய்மாமாவுக்கு ஜாஸ் பைத்தியம். சென்னையில் கல்லூரியில் படிக்கும்போது, நண்பன் வீட்டு இசைத்தட்டில் யாரோ ஆர்கன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, பரீட்சையைக் கோட்டை விட்டு, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வயலைப் பார்த்துக்கொள்வார் என்று அப்பா நினைத்தார். மாமா பார்த்துவைத்ததோ வாய்க்காலுக்கு அக்கரையில், எங்கள் வயலில் வேலை செய்தவர்களின் தெருவில் இருந்த மாதா கோயிலை. காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் ஒன்று அங்கே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான்.

கோயில் சாவி ஓர் அக்காவிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாமா வாசித்துக் கொடுப்பார். மற்ற நாள் சாயங்காலங்களில் அந்த அக்கா அவருக்காகக் கதவைத் திறந்துவிடுவார். எட்டு வயதில் நானும் கூடவே போவேன். மாமாவின் இடது கை நிதானமாக நடக்கும். வலது கை வேண்டுமென்றே கொஞ்சம் பிந்தி வந்து சேரும். "கால் ரெண்டும் காத்தடிக்கவே சரியாப் போவுது. நெஜ ஆர்கன்ல காலும் வாசிக்கும், பாப்பா" என்பார். அங்கே தன்னை யாரும் ஐயா என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார். அக்கா தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

ஆட்சி மாறிய புதிது. எங்கள் தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, அவர்கள் தெருவில் சிவப்புக் கொடி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் போன இடத்தில் அடிதடி ஆகி, பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் போட்டார்கள். போலீஸ் தேடிய சங்கத்துக்காரர் அந்த அக்காவின் கணவர். கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில்தான் ஒளிந்திருந்தார். மாமா வாசிக்கும்போது அவர் தொடையில் தாளம் போடுவதைக் கதவிடுக்கில் நான் பார்த்திருக்கிறேன். தேடப்படுகிறவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியாது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பா மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே அந்தப் பக்கம் போவாத. நீ பண்ற கூத்த அங்க எவன் கேக்குறான்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கேக்குறாங்கப்பா! பின்னாடி ரூம்ல இருக்கிறவரு தாளம்கூடப் போடுவாரு."

மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மாமா ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்து, "வேணாம் மச்சான், புள்ளை ஏதோ சொல்லுது" என்று கெஞ்சினார். அப்பா உதறிவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்விட்டார்.

மாமா எச்சில் கையோடு வரப்பில் ஓடினார். பின்னால் நான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா கோயில் வாசலில் நின்றார். புடவைத் தலைப்பு கிழிந்திருந்தது.

"உங்களுக்கும் எங்களுக்கும் தவுர வேற யாருக்கும் தெரியாது. யாரு தம்பி சொன்னது?"

மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தாங்க" என்றார்.

அக்கா திட்டவில்லை. உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார். "வீட்டுக்குப் போங்கய்யா" என்றார்.

அவர் கணவர் மறு வருஷம்தான் விடுதலையானார். மாமா அந்தக் கோயில் படியை அப்புறம் மிதிக்கவில்லை. ஐம்பது வயதுக்குமேல் தஞ்சாவூரில் ஒரு மின்சார ஆர்கன் வாங்கும்வரை சாப்பாட்டு மேசையிலும் பஸ் ஜன்னல் கம்பியிலும் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். வாங்கியபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆனாலும் சாகும்வரை தினமும் வாசித்தார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அன்று திரும்பி வரும்போது, மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற சந்தோஷத்தில் நான் வரப்பில் குதித்துக்கொண்டே முன்னால் போனேன். நாளைக்கு வேகமான பாட்டாக வாசிக்க வேண்டும் என்று நச்சரித்தேன்.

"சரி பாப்பா" என்றார். நான் அதை நம்பினேன்.