அண்ணன் கடையில் அடுத்த பிரதமர்

பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை யாராவது கேட்டுவிட்டால், என் அண்ணன் அந்த ஆளின் முகத்தில் சோப்பு நுரையைத் தடவிவிடுவார். பல வருஷங்களாகப் பார்த்துவருகிறேன். கன்னத்தில் தொடங்கும் பிரஷ் மெதுவாக உதட்டோரம் வந்து நிற்கும். அதற்குமேல் வாயைத் திறந்தால் நுரையைத்தான் தின்ன வேண்டும். முடிவெட்டிக்கொள்ள மட்டும் வந்த சிலருக்கு இப்படி இலவசமாக ஷேவும் கிடைத்திருக்கிறது.

அண்ணனுடையது சின்ன சலூன். இரண்டு நாற்காலிகள். ஜன்னலோரம் இருப்பது அண்ணனுடையது, சுவரோரம் இருப்பது நெட்டையுடையது. நெட்டை என்பவன் மீசை அரும்பும் வயதில் வேலைக்கு வந்தவன். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் நான். வெந்நீர் போடுவது, துண்டு துவைப்பது, உலர்த்தி மடித்து வைப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அண்ணன் என்னைக் கூட்டிவந்து இந்த அறையில் உட்காரவைத்தார். ஆண்கள் நிறைந்த இடம் என்பதால் நான் முன்னால் போவதில்லை. போகவும் தேவையில்லை. திரை சரியாக மூடாது. சலூனில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை, எல்லாப் பேச்சும் கண்ணாடி வழியாகத்தான். எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிகள் இருப்பதால் எல்லோருடைய முகமும் எனக்குத் தெரியும்.

போன வருஷம் முழுக்கக் கடையில் ஒரே பேச்சு. பிரதமருக்கு வயதாகிவிட்டது, அவருக்குப் பிறகு யார்? பெஞ்சில் தினமும் வந்து உட்காரும் பென்ஷன்காரர் நிதி மந்திரியின் கட்சி. பஸ் டிரைவர் பிரதமரின் மகன் கட்சி. முடி வெட்டிக்கொள்ள அவர்களுக்கு மாதம் ஒருமுறைதான் வேலை. மற்ற நாட்களில் பேப்பருக்கும் டிவிக்கும் வருவார்கள்.

"நேத்து மழையில பிரதமர் பிளேன்லேர்ந்து இறங்கினப்போ குடை பிடிச்சது யாரு? நிதி மந்திரி. அதுக்கு என்ன அர்த்தம்?" என்பார் பென்ஷன்காரர்.

"குடை பிடிக்கிறவர் கடைசி வரைக்கும் குடைதான் பிடிப்பார்னு அர்த்தம். மகன் நனைஞ்சுக்கிட்டே பக்கத்துல நடந்தான் பார்த்தீங்களா? அவனுக்கு யார் தயவும் வேணாம்" என்பார் டிரைவர்.

"உன் பஸ்ஸை நீ ரிட்டயர் ஆனதும் உன் மகனா ஓட்டப்போறான்?"

"அவன் சைக்கிளையே ஒழுங்கா ஓட்டமாட்டான், அத விடுங்க."

அண்ணனுக்கு இரண்டு கட்சியும் இல்லை. அவருடைய கோபமெல்லாம் பிரதமர் மீதுதான். "ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன குறைஞ்சுபோகும்? இவருக்கு அப்புறம் இவர்னு சொல்லிட்டா ஊரே நிம்மதியாத் தூங்குமே" என்று தினமும் ஒருமுறையாவது சொல்வார். அப்போது நெட்டை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சீப்பைத் துடைப்பான்.

அண்ணனின் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. முதலில் பார்த்தது நான்தான், டம்ளரில். பிறகு நெட்டை பார்த்தான். பிறகு எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பேசவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கும்போது தெரியாது. கத்தியைப் பிடித்தால் தெரியும். ஆகவே அண்ணன் நுரையைத் தடவிவிட்டு, "டேய் நெட்டை, முடிச்சுவிடு, எனக்கு ஒரு போன் பண்ணணும்" என்று வெளியே போய் நிற்பார். கையில் போன் இருக்கும், காதில் இருக்காது. பழைய சிநேகிதர்கள் சிலர் மட்டும் அவர்தான் ஷேவ் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக உட்காருவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் துண்டு எடுக்க வந்த நெட்டை திரும்பிப் போகாமல் நின்றான்.

"அக்கா, மெயின் ரோட்டுல புதுசா ஏசி சலூன் திறக்கிறாங்க. என்னை மேனேஜரா கூப்பிடுறாங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? 'நான் போகட்டுமா'ன்னா, 'போ'ம்பார். 'இருக்கட்டுமா'ன்னா, 'ஏன், யாராவது போகச் சொன்னாங்களா'ம்பார். இத்தனை வருஷத்துல எனக்கப்புறம் நீன்னு ஒரு தடவைகூட சொன்னதில்லக்கா. வீட்டுல அவ கேக்குறா. உங்க முதலாளிக்குக் கை விழுந்துட்டா, வெளியூர்ல இருக்கிற அவர் மகன் வந்து கடையை வித்துட்டா, நீ தெருவுல நிப்பியான்னு."

நெட்டை போய்விட்டால் கடையில் கத்தி பிடிக்க ஆள் கிடையாது. கடை இல்லை என்றால் எனக்கு இந்த அறை கிடையாது. அன்று அதே துண்டுகளை இரண்டாவது முறையாக ஏன் துவைக்கிறேன் என்று தெரியாமல் துவைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டிவியில் பிரதமர் ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா நிற்காமல் காகிதத்தில் இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்றவர் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அப்போது, பிடிவாதமாக உட்கார்ந்திருந்த பென்ஷன்காரரின் பின்கழுத்தில் கத்தியை வைத்திருந்தார்.

"பாருங்க, பாருங்க! பேனாவப் பிடிக்கக் கை நிக்கல. இன்னும் இடத்த விடமாட்டேங்கிறார். பக்கத்துல நிக்கிறவன் எல்லாத்தையும் செய்யணும், பேரு மட்டும் இவருக்கு. மானம் இருக்கிற மனுஷன் இதுக்குள்ள எழுந்து போயிருப்பான்!"

யாரும் ஒத்துப் பாடவில்லை. எப்போதும் எதிர்ப்பாட்டுப் பாடும் டிரைவர்கூடப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணன் ஆதரவு தேடிக் கண்ணாடியைப் பார்த்தார். பென்ஷன்காரரின் கண்கள் கத்தியிலேயே இருந்தன. நெட்டையின் கண்கள் தரையில் இருந்தன. அப்போதுதான் அண்ணன் தன் கையைப் பார்த்தார்.

"நெட்டை, பின்கழுத்த நீ எடுத்துடு" என்றார். போன் என்று சொல்லவில்லை. பின்னால் வந்து குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினார். நான் துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, ஈரத்தைத் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு அண்ணன் என் அறையில் சாப்பிட உட்கார்ந்தார். நான் அண்ணனிடம் கடை விஷயம் பேசினதே இல்லை. வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தேன், வாய்க்கு வரும்போது எல்லாம் கலைந்துவிட்டது.

"நெட்டை போகப்போறான்ணா" என்று மட்டும் வந்தது.

"எங்க?"

சொன்னேன்.

"போகட்டும். என் மகன் வருவான்."

"வரமாட்டான்ணா."

"உனக்கு எப்படித் தெரியும்? உன்கிட்ட சொன்னானா?"

"சொல்லல. போன தடவை லீவுக்கு வந்தப்போ, வேற எங்கேயோ முடிவெட்டிக்கிட்டு வந்திருந்தான்."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். அதை அவரும் பார்த்திருக்கிறார் என்று அந்த முகத்தில் தெரிந்தது. வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளை, அப்பாவின் நாற்காலியில் உட்காராமல் பக்கவாட்டில் மழித்து மேலே நிறுத்தின முடியோடு வந்து இறங்கினான். அண்ணன் அன்றைக்கு அவனிடம் கேட்டது, ரயிலில் கூட்டமா என்பது மட்டும்தான்.

"நீயும் டிவி பார்த்து டிவி பார்த்து குறி சொல்ல ஆரம்பிச்சுட்ட" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முடிதிருத்துபவர் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. அண்ணன் நெட்டையிடம் ஒருநாளும் தலையைக் கொடுத்ததில்லை. அடுத்த தெருவில் இருக்கும் பழைய கூட்டாளியிடம்தான் போவார். ஷேவுக்கும் அங்கேதான். "வேலைக்காரன் முன்னாடி கழுத்த நீட்டி உட்கார்ந்தா அப்புறம் நான் என்ன முதலாளி?" என்பார். நெட்டைக்கும் இது தெரியும். தெருவுக்கே தெரியும்.

சனிக்கிழமை கடையில் பெஞ்சு நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து, அடுத்த பிரதமர் யார் என்று ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையின் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தார். அடுத்த ஆள் எழுவதற்குள் அண்ணன் போய் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, எந்திரிங்க. ஆள் காத்திருக்காங்க."

"நானுந்தான் காத்திருந்தேன். ஷேவ் பண்ணு."

நெட்டை அசையவில்லை. டிரைவர் எழுந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நான் சூடான துண்டைத் திரைக்கு வெளியே நீட்டினேன். வாங்கும்போது நெட்டையின் விரல்கள் குளிர்ந்திருந்தன. அண்ணன் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து முழுக்கத் தெரிந்தது. நெட்டை மிக நிதானமாகச் செய்தான். கத்தியின் சத்தம் என் அறைவரை கேட்டது.

முடிந்ததும் அண்ணன் தாடையைத் தடவிப் பார்த்தார். "ஜன்னலோரம் வெளிச்சம் நல்லா இருக்கும். திங்கட்கிழமையிலேர்ந்து நீ அங்க நில்லு. கடைய நீ பார்த்துக்க."

"ஏசி சலூனுக்கு வரேன்னு காலைலயே சொல்லிட்டேன்ணே."

அண்ணனின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கைதான் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டது.

"மந்திரிங்களே காலைல ஒண்ணு சொல்லி சாயங்காலம் மாத்திக்கிறாங்க. நீ மாத்தினா என்னப்பா, பார்லிமென்ட் கலைஞ்சிடுமா?" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை.

"உங்க மகனுக்குத் தெரியுமாண்ணே?"

அண்ணன் பையிலிருந்து போனை எடுத்தார். நடுங்கும் விரலால் சரியான இடத்தில் அழுத்த இரண்டு மூன்று தடவை ஆனது. யாரும் உதவிக்குப் போகவில்லை. "கடையை நெட்டைகிட்ட விடுறேன்பா" என்றார். கேட்டார். "ம்" என்றார். "சரி, உடம்பப் பார்த்துக்க" என்று வைத்துவிட்டார்.

"என்ன சொன்னான்?" என்று பென்ஷன்காரர் கேட்டார்.

"சந்தோஷம்னு சொன்னான்."

பிறகு என் அறைக்கு வந்தபோதுதான் மிச்சத்தைச் சொன்னார். "கொஞ்சம்கூட யோசிக்கலம்மா. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள 'நல்லதாப் போச்சுப்பா'ன்னுட்டான்." அந்தப் பிள்ளையும் எத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தானோ என்று நினைத்துக்கொண்டேன். யாரிடம் கொடுப்பது என்று சொல்லாமல் வைத்திருப்பதால் கிடைக்காதவனுக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். வேண்டாதவனுக்கும் அது பாரம்தான்.

நெட்டை அன்று சாயங்காலம் மெயின் ரோட்டுக்குப் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் திட்டினார்களாம்.

இப்போது ஜன்னலோரம் நெட்டை நிற்கிறான். சுவரோர நாற்காலிக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், கை சுத்தம். அண்ணன் பத்து மணிக்குமேல் வந்து பெஞ்சில் உட்காருகிறார். கேட்பவர்களுக்குக் கத்தரிக்கோலால் மட்டும் முடி வெட்டிவிடுகிறார். விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று அவருக்கும் நெட்டைக்கும் தினமும் சண்டை வருகிறது. பழைய சிநேகிதர்களில் இருவர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மகன் மாதம் ஒருமுறை பேசுகிறான், முன்பைவிட அதிக நேரம். பிரதமர் இன்னும் பதவியில்தான் இருக்கிறார், அடுத்தது யார் என்று இன்னும் சொல்லவில்லை. நான் பின்னறையில் இருக்கிறேன்.