அரைக் கிண்ணம் நோன்புக் கஞ்சி

போன ரமலானில், முதல் வாரத்திலேயே என் நெஞ்சு தாளம் தப்பிவிட்டது. நோன்பு திறந்து மஃரிப் தொழுகையில் குனிந்தால், நெஞ்சு ஒரு நொடி நின்று, பிறகு தடதடவென்று ஓடும். டாக்டர் ஈசிஜி எடுத்து, மாத்திரை கொடுத்தார். "அடுத்த வாரம் ஒரு நாள் பூரா மிஷின் கட்டிப் பாக்கலாம். இந்தப் படபடப்பு நிக்கலைன்னா நோன்ப விட்டுடணும் பாய்" என்றார்.

பத்து வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டவனில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் மனைவி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். மூன்று நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான்காம் நாள் கேட்டாள்:

"ஏங்க, பகல் பூரா பட்டினியா கெடக்கறீங்க. அப்ப நெஞ்சு சும்மாதானே இருக்குது? தொறந்ததும் ரெண்டு கிண்ணம் கஞ்சி, நாலு வடை, ஐஸ் போட்ட ரோஸ்மில்க். வயிறு முட்டிக்கினு குனியறீங்க. அப்பத்தானே வருது?"

"பள்ளிவாசல் கஞ்சிய மிச்சம் வெக்கச் சொல்றியா? அல்லாஹ் குடுத்த பரக்கத்து போயிடும்."

"பரக்கத்து உங்க வயித்துலயே இருக்கணுமா? பக்கத்து வீட்டுக்கும் போவட்டுமே."

அன்றிலிருந்து எனக்குப் பேரீச்சம்பழம், ஐஸ் இல்லாத தண்ணீர், அரைக் கிண்ணம் கஞ்சி. தொழுத பிறகுதான் மற்றது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மீதிக் கஞ்சி தூக்கோடு பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போனது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்.

"பாய், உங்க நெஞ்சு நல்லாவணும்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன்" என்றார் ஒரு சாயங்காலம். "ஆனா நல்லாயிட்டா எனக்குக் கஞ்சி வராதே, அதான் அரைமனசா வேண்டிக்கினேன்!"

மிஷின் கட்டிய நாளிலும் அதே சாப்பாடுதான். டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்து, துடிப்பு எங்கேயும் தப்பவில்லை என்றார். என் மனைவி தயங்கித் தயங்கித் தான் கவனித்ததைச் சொன்னாள்.

"சில பேருக்கு வயிறு ரொம்ப நெறஞ்சா, ஜில்லுனு குடிச்சா இப்படித் துடிக்கும்மா. எல்லாருக்கும் இல்ல. இவருக்கு அதுதான் கெளப்பி வுட்டிருக்கும்போல" என்றார் டாக்டர். பிறகு என்னிடம்: "நோன்பு வெய்யுங்க. மாத்திரைய விடியக்காலம் ஸஹர் சாப்பாட்டோட போட்டுக்குங்க, நிறுத்தக் கூடாது. மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தா அப்பவே நோன்ப முறிச்சுட்டு வந்துடணும்." மறுபடி அவள் பக்கம் திரும்பினார்: "நானும் அவர என்ன சாப்புட்டீங்கன்னு கேட்டிருக்கணும்மா, நீங்க கேட்டுட்டீங்க."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

கடைசி நோன்பும் அல்லாஹ் கிருபையால் நிறைந்தது. மஃரிபில் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தேன். நெஞ்சு அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கையேந்தியபோது எனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை, அவளுக்காகக் கேட்டேன். அதற்குள் வாசலில் பக்கத்து வீட்டு அக்கா தூக்கைத் தட்டும் சத்தம்.

"பாய், இன்னிக்குத்தானே கடைசி? கிண்ணத்துல கால்வாசி போதுமே உங்களுக்கு!"