ராசம்மா பேருக்கு வந்த கடிதாசிகள்

தீப்பெட்டிக் கம்பெனியில் என் வேலை லேபிள் ஒட்டுவது. நான் பட்ட பாடெல்லாம் கடிதாசியால்தான். அடுத்தவர் தபாலை வாங்கி வைத்து முழித்தவர்களுக்கு இது புரியும்.

ஒரே பேர்

திருத்தங்கலைச் சுற்றியிருந்த காட்டு ஊர்களுக்கு அப்போது தபால்காரர் வாரம் ஒரு தடவை வந்தால் உண்டு. கம்பெனிக்குத் தினமும் வருவார். நான் ஐந்தாவது படித்தவள் என்று, அந்த ஊர்களிலிருந்து எங்கள் லேபிள் கொட்டகைக்கு வந்த பெண்கள் பதினெட்டுப் பேரும் என் பேரையே விலாசமாகக் கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றின் மேலும் 'ராசம்மா'தான். அனுப்புகிறவர் பேரைப் பாதிப்பேர் எழுதுவதில்லை. பிரித்தால்தான் யாருடையது என்று தெரியும். தபால்காரர் ஒருநாள் கேட்டார்: "கொழும்புல, பம்பாயில, பட்டாளத்துல... ஒங்களுக்கு எம்புட்டு அண்ணன் தம்பிகம்மா?"

பலகையும் கம்பியும்

வந்த கடிதாசி பலகையில் கிடக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் பிரித்துப் பார்க்கலாம். உடையவள் படித்ததும் சுவரில் தொங்குகிற கம்பியில் குத்திவிட வேண்டும்; கம்பிக்குப் போனதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அப்படித்தான் முறை வைத்திருந்தோம். முத்துலட்சுமியைப் பெண் கேட்டு எழுதியிருந்தது அவளுக்கு முன்னால் கொட்டகைக்கே தெரிந்துவிட்டது. பசைக் கையோடு வந்து நின்றாள்: "மாப்பிள்ளைக்கு என்னப் பிடிச்சிருக்கான்னும் நீங்களே சொல்லிருங்கக்கா, நான் எதுக்குப் படிக்கணும்?"

பத்து நிமிசம்

பேச்சியம்மாளின் புருசன் பட்டாளத்தில். பிள்ளைக்கு ஐந்து மாசம். அவர் இன்னும் முகம் பார்க்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மன் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் பலகையைத் துடைத்தேன். ஒரு கடிதாசி பிரித்துக் கிடந்தது. படித்தாயிற்று என்று நினைத்துக் கம்பியில் குத்திவிட்டேன். யாரோ தனக்கு வந்ததோ என்று பிரித்துப் பார்த்து, இல்லையென்றதும் அப்படியே போட்டுப் போயிருக்கிறாள்.

பத்து நாளில் அடுத்தது வந்தது. பேச்சி எழுத்துக் கூட்டி என் முன்னாலேயே படித்தாள். அவர் போன பட்டாள ரயில் விருதுநகர் டேசனில் பத்து நிமிசம் நின்றதாம். பிளாட்பாரம் முழுக்கத் தேடினாராம். பிள்ளையைக் காட்ட உனக்கு மனசில்லையா என்று கேட்டிருந்தார். கம்பியிலிருந்து முந்தினதை உருவினேன். ரயில் விருதுநகரில் நிற்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்று நாளும் போட்டு எழுதியிருந்தார். 'வியாழக்கிழமை' என்ற எழுத்தின் மேலேயே ஓட்டை.

அந்தப் பிள்ளை அப்பாவைப் பார்த்தபோது அதற்கு மூன்று வயசு. என் பிள்ளைகள் தலையெடுத்த பிறகும், சாமி முன்னால் கண்ணை மூடினால் அந்தப் பத்து நிமிசம்தான் முதலில் வந்து நிற்கிறது. பேச்சி என்னை ஏசியிருக்கலாம். கடிதாசியை மடித்து மடியில் சொருகிக்கொண்டு சொன்னாள்: "பிரிச்சுக் கிடந்தா படிச்சாச்சுன்னுதானக்கா நினைப்பீக."

பதினெட்டுப் பேர் கடிதாசியும் என் பேருக்கு வந்தது, அந்த ஒரு பாவம் மட்டும்தான் விலாசம் தப்பாமல் எனக்கே வந்து சேர்ந்தது.