சாயங்காலமும் தொங்கினால்

கம்பெனி பஸ் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது போன் வந்தது. சொல்லாமல் லீவு போட்டுவிட்டாரே என்று எங்கள் தெருவிலிருந்து என்னோடு வேலைக்கு வரும் எஸ்தர் அக்காமேல் எரிச்சலாக இருந்தேன். பேசியது அவர் கணவர், சாமுவேல் மாமா. "கலா, உங்கக்கா பூட்டாம்மா" என்றார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லையாம். என்னால் உட்கார முடியவில்லை. கம்பெனி வாசல்வரை நின்றுகொண்டே போனேன்.

அந்த பஸ்ஸில் எங்களோடு வேலைக்கு வந்த உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் வண்டி கிளம்பியதும் அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு சீட் சீட்டாக வருவார். "பாட்டில்ல மிச்சம் கீதா? ரோட்ல கொட்னா இன்னா, தார்ல கத்திரிக்காயா காய்க்கப் போவுது?" எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பாகிப்போய் வருஷக்கணக்காகிறது. நாம் குடித்து மிச்சம் வைத்த தண்ணீரில்தான் அவர் வீட்டுப் பின்பக்கம் கத்திரியும் வெண்டையும் காய்த்தன. 'தண்ணி லாரி வருது' என்று கிண்டல் செய்தோம். அந்தக் கத்திரிக்காயைப் பங்கு போட்டுத் தின்றதும் நாம்தான்.

ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வெயிலில் என் வீட்டுக் கத்திரிச்செடி துவண்டு தொங்கியது. பதறிப்போய்க் குடத்தோடு ஓடினேன். அக்கா வந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். "மத்தியானத்துல யாருடி தொங்கல? நானுந்தான் தொங்கறேன். சாயங்காலமும் தொங்குனா ஊத்து." வெயில் இறங்கியதும் செடி தானாக நிமிர்ந்தது. அவ்வளவு பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து மாமா அக்காவின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அதுவரை பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். காலையில் ஊற்றினார், மத்தியானம் ஊற்றினார், குடிக்க வாங்கிய கேன் தண்ணீரையும் ஊற்றினார். இலை மஞ்சளாகி, மண் நாற்றமெடுத்தது. "வேர் அழுகுது மாமா!" என்று கத்தியேவிட்டேன். துக்க வீட்டில் இவள் ஏன் கத்துகிறாள் என்று தெருவே எட்டிப் பார்த்தது.

"வாடிக்கினே கீதேம்மா. அவ செடிய சாவ வுட்டுட்டு நான் இன்னா மூஞ்சிய வச்சிக்கினு இருக்கறது? ஊத்தாம கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.

என் கையும்தான் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேருமாகப் பாத்தியின் கரையை வெட்டிவிட்டுத் தேங்கிய தண்ணீரை வடித்தோம். சில நாள் மாமாவின் குடத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எத்தனை முறை போய்ச் செடியைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு வெண்டைச்செடி போய்விட்டது. கத்திரி துளிர் விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கத்திரி மறுபடி தொங்கியது. மாமாவுக்குக் கை துறுதுறுத்தது. பேசாமல் உட்காருங்கள் என்றேன். வெயில் இறங்கியதும் செடி நிமிர்ந்துவிட்டது. மாமா நிமிரவில்லை. பின்வாசல் படியில் தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

சாயங்காலமும் தொங்குவது யார் என்று பார்க்கிற கண். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். டீ போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். தம்ளரை வாங்கியவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ குட்ச்சியா, கலா?" என்றார்.