விசிலுக்கு முன் வைத்த தீ

எங்கள் ஊர் கில்மோரனில், மட்டையால் பந்தடித்து ஆடும் ஹர்லிங் இறுதி ஆட்டம் வந்தால் நாற்சந்தியில் தீக்குவியல் அடுக்குவது மலக்கி டூஹியின் வேலை. பால் லாரி ஓட்டிப் பிழைத்த மனிதர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய அப்பா அடுக்கினார், அப்பாவுக்குப் பின் இவர். அடியில் உடைந்த பலகை, பழைய வேலிக்கம்பு. மேலே, விறகுக்குப் பதிலாக எரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி. ஜெயித்து வரும் பஸ் அந்தத் தீ முன்னால்தான் வந்து நிற்கும். தோற்றால் கொளுத்துவதில்லை, குவியல் மழையில் நனைந்து கிடக்கும். எங்கள் ஊரில் நனைந்த குவியல்தான் அதிகம்.

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை ஊரே ஆட்டத்துக்குப் போய்விட்டது. மலக்கி மட்டும் சந்தியில் லாரிக் கதவைத் திறந்துவைத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியப்போகிறது, இரண்டு பக்கமும் சமம். கோல் கம்பத்துக்கு நேர் எதிரே கில்மோரனுக்கு ஒரு தனி அடி கிடைத்தது. அடிக்கப்போவது ஓரன், மலக்கியின் தங்கை அசம்ப்டாவின் மகன். அந்த இடத்திலிருந்து அவன் தவறவிட்டு யாரும் பார்த்ததில்லை. விசில் ஊதாமல் கொளுத்தக் கூடாது என்பது மலக்கிக்குத் தெரியாததா? ஆனாலும் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

பலகை குப்பென்று பிடித்தது. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. எதிரணி அடித்த நெடும்பந்து அடுத்த மூச்சில் மறுகோடியில் புள்ளியானது. அதோடு விசில்.

மண்கட்டி கனிந்துவிட்டால் வாளித் தண்ணீருக்கு அடங்குமா? பஸ் வந்தபோது தீ ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எங்களப் போட்டுப் பொசுக்கவா மலக்கி அடுக்கினே?" என்றான் ஒருத்தன்.

கடைசியாக இறங்கிய அசம்ப்டா நேரே அண்ணனிடம் வந்தாள்.

"அண்ணே, ஓரன் பஸ்ல ஏறல. போனையும் அணைச்சு வெச்சிருக்கான்."

ஃபர்கஸின் பேரை இரண்டு பேருமே எடுக்கவில்லை. அவர்களுக்கு நடுவில் பிறந்தவன் அவன், அந்தக் காலத்து அணியில் கம்பம் காத்தவன். ஓர் இறுதி ஆட்டத்தில் பந்து அவன் காலிடுக்கில் புகுந்து போனது. அவன் கையில் முட்டை கொடுக்காதீர்கள் என்று கடையில் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒருநாள் சொல்லாமல் லிவர்பூலுக்குப் படகேறினான், பெட்டியில்தான் திரும்பி வந்தான். சிரித்தவர்களே தோள் கொடுத்தார்கள். அந்த வருஷம் கோப்பை வாங்கியது எந்த ஊர் என்று கேட்டால் இன்றைக்கு யாருக்கும் சொல்லத் தெரியாது. ஃபர்கஸ் எங்கே கிடக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"இந்தத் தீயப் பாத்தா ஊருக்குள்ள வருவானா ஓரன்?" என்று சொல்லிவிட்டு, அசம்ப்டா காரை எடுத்துக்கொண்டு தேடப் போனாள்.

மலக்கி மண்வெட்டியால் தீயை அடித்துக்கொண்டே இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் வயல்வழியே ஓரன் வந்தான். உடம்பில் ஆட்டச் சட்டை, கையில் மட்டை.

"யாரு கொளுத்தினது?"

"நான்தான்."

"கிண்டலா மாமா?"

"நீ அடிக்க நிக்கறேன்னு ரேடியோல சொன்னான். அப்பவே வெச்சிட்டேன்."

ஓரன் தீயையே பார்த்தான். "விசில் ஊதலையே."

"ஊதலதான். நாளைக்குக் கடையில உன்னப் பேசறதுக்கு முன்னாடி என்னப் பேசுவாங்க. உன்னுதவிட என்னுது பெரிய கூத்து."

அவன் சிரிக்கவில்லை. மட்டையைத் தீயில் எறிந்தான். மலக்கி எடுக்கப் போகவில்லை.

"அம்மாகிட்ட சொல்லட்டுமாடா?"

ஓரன் தீக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மலக்கி போனில், "இங்க இருக்கான்," என்று மட்டும் சொன்னார்.

கார் வரும்வரை அவன் எழுந்து போகவில்லை. அசம்ப்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போதும் அந்தப் பிடியை விடவில்லை.