பதினொரு நிமிட பில்டு

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு முகத்துக்கு நேரே ‘அண்ணன்’, முதுகுக்குப் பின்னால் ‘பதினொண்ணு’. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். ஆகவே முதல் குட்டு எனக்கே விழட்டும்.

நாங்கள் செய்வது பேருந்து முன்பதிவுக்கான ஒரு வலைச் செயலி. ஜாவாவில் எழுதியது. பயணிகள், இருக்கை, கட்டணம் என்று பதினான்கு மாட்யூல்கள். எதிலாவது ஒரே ஒரு வரியை மாற்றினாலும் போதும், பதினான்கையும் வரிசையாக பில்டு செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, ஒன்றாக மூட்டை கட்டி, சர்வரில் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதினொரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் நாங்கள் போனை நோண்டுவோம். அண்ணன் மட்டும் கட்டளையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். சரியாகப் பதினோராவது நிமிடம் மூச்சு வாங்கத் திரும்பி வருவார். ஒரு நாளைக்கு நான்கு தடவை. சிகரெட் என்று நினைத்துக்கொண்டோம்.

வேலையில் மட்டும் மனிதர் கில்லாடி. பிழை வந்தால் முதலில் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதுவார்: எந்த மாட்யூலில், எந்த வரியில் புரோகிராமை நிறுத்திப் பார்ப்பது, அங்கே என்ன மதிப்பு இருக்க வேண்டும். பிறகுதான் ஓட்டுவார். நாங்கள் இருபது தடவை ஓட்டிப் பிடிப்பதை அவர் இரண்டாவது ஓட்டத்தில் பிடித்துவிடுவார்.

எனக்குப் பொறுமை கிடையாது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, மாற்றிய மாட்யூலை மட்டும் ஓடுகிற சர்வரிலேயே செருகுகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நாற்பது விநாடி. எல்லாரும் கை தட்டினார்கள். “நல்லா இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு அண்ணன் பழைய கட்டளையையே தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளரோ, “திங்கக்கிழமையோட அந்தப் பழைய பதினொரு நிமிஷ ஸ்கிரிப்டைத் தூக்கிடு” என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் அண்ணன் எழுந்ததும் பின்னாலேயே போனேன், கையும் களவுமாகப் பிடிக்க. பின்வாசல், சலவைக்கடை, ஒரு சந்து, மாடிப்படி. கிட்டத்தட்ட ஓடினார். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. அதில் அவர் மனைவி. ஒரு பக்கம் அசைவில்லை. அவரை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, தலையணையை முட்டுக்கொடுத்து, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். நொடிக்கொரு தரம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணியின் தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. சீப்பு ஜன்னலோரம் சும்மா கிடந்தது.

அண்ணிதான் என்னை முதலில் பார்த்தார். “பில்டு அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்று குழறலாகக் கேட்டார்.

படியிறங்கும்போது, “சார்கிட்ட சொல்லி அனுமதி வாங்கலாமேண்ணே” என்றேன்.

“முன்ன இருந்த ஆபீஸ்ல சொன்னேன் தம்பி. நல்லபடியாத்தான் பேசினாங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்னு ஒவ்வொரு வேலையா எடுத்தாங்க. கடைசில என்னையே எடுத்துட்டாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பலன்னா அவளுக்கு முதுகுல புண்ணு வந்துடும்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய், “முழுசா பில்டு பண்ணாத்தான் சில பிழை மாட்டும் சார். அண்ணன் தினம் நாலுவாட்டி பழைய ஸ்கிரிப்டையே ஓட்டட்டும்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் அரைமனதாகத் தலையாட்டினார். “ஆனா ஆளும் இல்லாம, பில்டும் ஓடாம பாத்தேன்னா அன்னிக்கே அந்த ஸ்கிரிப்டை நிறுத்திடுவேன்.”

வியாழக்கிழமை அண்ணன் போய் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். மேலாளர் எங்கள் வரிசைப் பக்கம் வந்துகொண்டிருந்தார். நான் அண்ணனின் திரையை எட்டிப் பார்த்தேன். ஒரே சிவப்பு. பில்டு பாதியில் விழுந்து கிடந்தது. விழவைத்தவன் நான்தான். காலையில் இருக்கை மாட்யூலில் ஒரு பெயரை மாற்றிவிட்டு, அதைக் கூப்பிடுகிற கட்டண மாட்யூலை மறந்திருந்தேன். என் நாற்பது விநாடி வித்தையில் அது தெரியவே இல்லை.

ஒரே எட்டில் போய், அதே கட்டளையை மறுபடி ஓட்ட மேல் அம்புக்குறியையும் என்டரையும் தட்டினேன். வரிகள் ஓட ஆரம்பித்தன.

“எங்க இவரு?”

“பில்டு ஓடுது சார். பதினோரு நிமிஷம் ஆகும்.”

மேலாளர் திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். நான் என் தப்பைத் திருத்தி மறுபடி முதலிலிருந்து ஓட்டிவிட்டேன்.

அண்ணன் மூச்சு வாங்க வந்து திரையைப் பார்த்தார். “இன்னும் அஞ்சாவது மாட்யூல்தானா?”

“என் தப்புண்ணே, மறுபடி போட்டேன். இன்னும் ஏழு நிமிஷம் ஓடும்.”

நாற்காலியைத் தொட்ட கையை அவர் எடுத்துக்கொண்டார்.

“அப்போ அவளுக்குத் தலை வாரிவிட்டுட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.