போட்டோக்காரர் தேடிய மோசமான இடம்

எங்கள் உலோகவியல் துறையில் என் அக்காவின் கணவருக்குக் 'கல்யாண போட்டோக்காரர்' என்று பெயர். இத்தனைக்கும் அவர் ஒரு கல்யாணத்திலும் படம் எடுத்ததில்லை. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இயக்குபவர். எப்பேர்ப்பட்ட மட்டமான பொடியைக் கொடுத்தாலும் துழாவித் துழாவிப் படத்துக்கு ஒரு நல்ல இடத்தைப் பிடித்துவிடுவார். பேராசிரியர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அந்த ஆட்டத்துக்குப் பாதித் தாளம் அவரே போட்டார்.

பொடிக்கு எதற்கு இந்த ஒப்பனை என்றால், மாணவர்களுக்குப் பொறுமை கிடையாது. இரண்டு உலோகப் பொடிகளையும் எஃகுக் குண்டுகளையும் ஒரு ஜாடியில் போட்டுச் சுழற்ற வேண்டும். குண்டு கொடுப்பது ஸ்டோர்கீப்பரான என் வேலை. குண்டுகள் மோத மோதப் பொடி தட்டையாகும், ஒன்றோடொன்று ஒட்டும், உடையும், மறுபடி ஒட்டும். உள்ளே இரண்டு உலோகமும் பட்டை பட்டையாகப் படிந்து, பட்டைகள் மெலிந்து, கடைசியில் எது எது என்றே தெரியாமல் கலந்துவிடும். ஜாடி ரொம்பச் சூடேறினால் காரியம் கெட்டது. உள்ளே பொடிப்பொடியான படிக மணிகள் மறுபடி பெருத்துவிடும். அதனால் இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். நம் ஆட்கள் ஆறவும் விடமாட்டார்கள், முழுசாக ஓட்டவும் மாட்டார்கள். ஒரு மூலை அருமையாக இருக்கும், பக்கத்திலேயே கட்டி கட்டியாகக் கிடக்கும். அத்தான் மூலையைப் படம் எடுப்பார். கட்டிகளைப் பற்றி யாரும் மூச்சுவிட மாட்டார்கள். இப்படியே பல பேர் டாக்டர் ஆனார்கள்.

பிறகு அவர் மகளே ஆய்வு மாணவியாக வந்து சேர்ந்தாள். பிடிவாதக்காரி. ஜாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஆறவிட்டாள். மற்றவர்களின் கேலியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பொடி மைக்ரோஸ்கோப்புக்கு வந்த அன்று, அத்தான் வழக்கம்போல நல்ல இடம் தேட உட்கார்ந்தார். தேட ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருப்பினாலும் அதே அழகு. என் அறைக்கு வந்து அழாத குறையாகச் சொன்னார்.

"எங்க பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கு மாப்ள. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல."

எனக்கும் பெருமை தாங்கவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் படங்களைப் புரட்டினார். எடுத்தது யார் என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். அந்த ஆள் கைபட்டால் கரித்தூளும் தங்கமாகத் தெரியும், எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்றார். வேறு இடத்தில் எடுத்த படம் வராமல் பட்டம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். பொடியை வேறு ஊருக்கு அனுப்பினோம். அங்கே இயக்குபவன் அத்தானிடம் தொழில் கற்றவன். குருநாதர் மகளுடையது என்பதால் நல்ல இடமாகத் தேடிப் பிடித்திருப்பதாக, அந்தப் புண்ணியவான் தேர்வாளரிடமே போனில் பெருமையடித்தான்.

வருடக்கணக்கான உழைப்பு. அன்று வீட்டில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, என் பொடியில ஒரே ஒரு மோசமான இடம் தேடிக் குடுங்க. அதையும் சேத்து வெச்சாதான் நம்புவாங்க."

தேடினார். நாள் முழுக்கக் கண் பூத்துப்போகத் தேடியும் அந்த மனுஷனுக்கு ஒரு கட்டிகூட அகப்படவில்லை. கடைசியில் என் ஸ்டோருக்கு வந்து, பழைய மாணவன் ஒருவன் போட்டுவிட்டுப் போன பொடியை எடுத்துக்கொண்டு போனார். அதே இரண்டு உலோகங்கள்தான். கட்டிக்குப் பஞ்சமே இல்லை.

அதைப் படம் எடுத்து, அவளுடைய பொடி என்றே சொல்லி அவளிடம் கொடுத்தார். தேர்வாளர் உருகிப்போனார். குறையை மறைக்காத நேர்மை இந்தக் காலத்தில் அபூர்வம் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டிப் பட்டத்துக்குச் சம்மதம் தந்தார். நாங்கள் கை தட்டினோம். அத்தானும் தட்டினார்.

அவள் மட்டும் கொண்டாடவில்லை. மறுநாளே ஜாடியைக் கழுவி மறுபடி சுழற்ற ஆரம்பித்தாள். வேகத்தை மாற்றிப் பார்த்தாள், குண்டின் அளவை மாற்றிப் பார்த்தாள். தேடி வந்த வேலையையும் தள்ளிப் போட்டுவிட்டாள். அத்தானைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"எல்லா இடமும் சரியா வந்துச்சே, அந்த ஒரு கட்டி மட்டும் எப்படிப்பா வந்துச்சு? நான் எங்க தப்பு பண்ணேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா" என்கிறார் அவர்.

அப்பா சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, அவள் மறுபடி ஸ்விட்சைப் போடுகிறாள்.